வீட்டு இணைப்பில் இரண்டாவது கணினி: வன்னி வீடுகளில் இருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி என்று எந்தப் பக்கம் போனாலும், வீட்டுக்கு இணையம் வந்து கொஞ்சக் காலத்தில் இரண்டாவது கணினியும் வந்துவிடுகிறது. மூத்தவளுக்கு ஏ.எல். வகுப்பு சூமில் நடக்கும். சின்னவனும் பள்ளிக்கூட வேலைக்கென்று ஒன்று கேட்பான். கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் சித்தப்பா விடுமுறைக்கு வரும்போது தன் பழைய லப்டொப்பைக் கொண்டுவந்து கொடுத்திருப்பார். பிறகு தொடங்கும் கேள்விகள்தான் இவை. கணினி திருத்தும் மேசைக்கு வருகிறவர்கள் கேட்கிற மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது கணினிக்கு இன்னொரு இணைப்பு எடுக்க வேணுமா?

வேண்டாம். மாதக் காசு இரண்டு கட்டத் தேவையே இல்லை. வீட்டு ரவுட்டருக்கு வெளியே ஒரு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், இருந்தால் போதும். வீட்டுக்குள்ளே அது ஒவ்வொரு கணினிக்கும் போனுக்கும் தனித்தனி முகவரி கொடுக்கும்: 192.168.1.2, 192.168.1.3 என்று வரிசையாகப் போகும். எந்தக் கணினி எதைக் கேட்டது என்று ரவுட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். பதில் வந்ததும் கேட்டவரிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள்வீட்டுப் பாவனைக்கென்றே 1990களில் ஒதுக்கப்பட்டவை. அதனால் உங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் அதே எண் இருந்தாலும் ஒன்றுடன் ஒன்று முட்டாது.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே நாலு போன் வைஃபையில் ஓடுகிறதென்றால், ரவுட்டரின் கணக்கில் இந்த ‘இரண்டாவது’ கணினி ஆறாவது ஆள். அதற்கு இது புதிய வேலை இல்லை.

எங்கள் வீட்டில் இருப்பது என்ன வகை இணைப்பு என்று எப்படி அறிவது?

சுவரில் இருந்து என்ன வருகிறது என்று பாருங்கள். நூல் போல மெல்லிய, மடித்தால் உடையக்கூடிய வயர் ஒரு சின்னப் பெட்டிக்குள் போனால் அது ஃபைபர். டெலிபோன் வயர் வந்து, அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று டெலிபோனுக்கும் மற்றது ரவுட்டருக்கும் போனால் அது ஏடிஎஸ்எல். கரண்ட் வயரைத் தவிர வேறெதுவும் வராமல், ரவுட்டருக்குள் சிம் இருந்தால் அது 4ஜி.

ஏ9 வீதியோரத்து நகரங்களை விட்டு உள்ளே போகப்போக 4ஜிதான் அதிகம். எங்கள் ஊர்களில் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்தது 2009க்குப் பிறகுதான். பல வீடுகள் டெலிபோன் வயரையே காணாமல் நேராக சிம் ரவுட்டருக்கு வந்துவிட்டன. அதனால் கீழே எழுதியதில் பெரும்பகுதி 4ஜி ரவுட்டரை மனத்தில் வைத்து எழுதியது. ஃபைபர் வீட்டுக்காரர்கள் கோபுரம் பற்றிய கவலைகளைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வாசிக்கலாம்.

வயர் போடுவதா, வைஃபையில் விடுவதா?

மேசையில் அசையாமல் இருக்கும் கணினிக்கு வயர். கையில் தூக்கித் திரியும் லப்டொப்புக்கு வைஃபை. எல்லோரும் வைஃபையில்தான் தொடங்குகிறார்கள், அது பிழையில்லை. ஆனால் சூம் வகுப்பு நடுவில் அறுந்து அறுந்து போகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது பத்து மீற்றர் வயர் வாங்குங்கள் என்பதுதான். புதிய ரவுட்டர் வாங்கும் காசில் ஒரு சின்னப் பங்கு கூட வராது.

கடையில் ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ நெட்வொர்க் கேபிள் என்று கேளுங்கள். ஒரே ஓட்டமாக 100 மீற்றர் வரை இழுக்கலாம், ஒரு வளவுக்கு அது தாராளம். வாங்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள்: நுனியில் ஒரு கம்பியின் தோலை உரித்து, சின்னக் கத்தியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வரைக்கும் செம்பு நிறமாக இருந்தால் நல்லது. சுரண்டிய இடம் வெள்ளையாகப் பளபளத்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அந்த வயர் வேலை செய்யாமல் போகாது. ஆனால் இரண்டு மூன்று முறை மடித்து நிமிர்த்தினால் உள்ளே முறிந்துவிடும், எங்கே முறிந்தது என்று வெளியில் தெரியவும் மாட்டாது.

வயரின் நுனியில் வரும் பிளாஸ்டிக் தலையைக் கடையிலேயே அடித்துத் தருவார்கள். சுவரில் சின்ன ஓட்டை போட்டுத்தான் இழுக்க வேண்டும், தலை உள்ளே போகாது என்றால் இழுத்த பிறகு அடிக்க வேண்டும். கொக்கி கீழே இருக்க, வயர் நுழையும் பக்கம் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலமாக இந்த ஒழுங்கு: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். இரண்டு முனையும் ஒரே மாதிரி. முன்பு இரண்டு கணினியை நேராக இணைக்க ஒரு முனையை மாற்றி அடிப்பார்கள். இப்போதைய சாதனங்கள் அதைத் தாங்களே சமாளித்துக்கொள்ளும். எட்டில் 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி சரியாக இருந்தாலே விநாடிக்கு 100 மெகாபிட் ஓடும். 4ஜி வீட்டுக்கு அது போதும்.

சுவரில் ஓட்டை போடும்போது உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சரிவாகப் போடுங்கள். வெளியே வயரை ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றுங்கள். இல்லாவிட்டால் மார்கழி மழை வயர் வழியாக வழிந்து ரவுட்டர் மேசைக்கே வந்துவிடும். வெளியில் போகும் வயர் கறுப்புத் தோலாக, வெளிப்பாவனைக்கானதாக இருக்கட்டும். சாதாரண சாம்பல் நிற வயர் நம்முடைய வெயிலில் சில வருடத்தில் தோல் வெடிக்கும். அணிலும் எலியும் கடிக்கும் என்பதால் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டால் இன்னும் நல்லது. கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

ரவுட்டரில் கணினி வயர் செருகும் லேன் துளை ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் ஏற்கெனவே வயர் செருகியிருக்கிறது.

ஐந்து துளை நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். ரவுட்டரில் இருந்து ஒரு வயர் அதற்கு, அதிலிருந்து மற்றக் கணினிகளுக்கு. எந்த அமைப்பும் செய்யத் தேவையில்லை, கரண்டைக் கொடுத்தால் வேலை செய்யும். ‘இன்னொரு ரவுட்டர் வாங்குங்கோ’ என்று யாராவது சொன்னால், ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.

அண்ணை, மேசைக் கணினியில் வைஃபையே இல்லை. வயர் இழுக்கவும் ஏலாது. என்ன செய்யிறது?

யூஎஸ்பி வைஃபை அடாப்டர் என்று பெருவிரல் அளவில் ஒன்று விற்கிறார்கள். அன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகையை எடுங்கள், கணினியின் பின்பக்கம் செருகி இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். முன்பக்கத் துளை அல்லது ஒரு நீட்டு வயர் நல்லது.

அதை வாங்கும் வரை, கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனே போதும். போனை வீட்டு வைஃபையில் இணையுங்கள். பிறகு சார்ஜ் வயரால் கணினியில் செருகி, போனின் அமைப்பில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதைப் போடுங்கள். பெரும்பாலான போன்கள் தாங்கள் வாங்கும் வைஃபையை வயர் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும். போன் வைஃபையில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபை அறுந்தால் அது சத்தமில்லாமல் போன் சிம்மின் டேட்டாவுக்குத் தாவிவிடும். அதைத் தடுக்க மொபைல் டேட்டாவை நிறுத்தி வையுங்கள்.

எங்களிடம் ரவுட்டர் இல்லை, சிம் போட்டுக் கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் டொங்கிள் மட்டும்தான். அதை இரண்டு கணினிக்குப் பாவிக்கலாமா?

பாவிக்கலாம். டொங்கிள் செருகிய கணினி விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியில் ‘மொபைல் ஹொட்ஸ்பொட்’ இருக்கும். அதைப் போட்டால் அந்தக் கணினியே சின்ன ரவுட்டராக மாறிவிடும். அதற்கு அந்தக் கணினியில் வைஃபை இருக்க வேண்டும். மற்றக் கணினிக்கு 192.168.137 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால் சரியாக இணைந்திருக்கிறது என்று பொருள்.

இதில் தொல்லை என்னவென்றால், முதல் கணினி எந்நேரமும் ஓட வேண்டும். அக்கா கணினியை மூடிவிட்டுப் படுத்தால் தம்பியின் இணையமும் போய்விடும். தினமும் இப்படிப் பாவிப்பதென்றால் சிம் போடும் ரவுட்டருக்கு மாறுவதுதான் நிம்மதி. சிம்மை மாற்றிப் போடமுன் நிறுவனத்திடம் ஒருமுறை கேளுங்கள். சில பொதிகள் குறிப்பிட்ட சாதனத்தோடு மட்டும் ஓடும்படி கட்டப்பட்டிருக்கும்.

ரவுட்டரை எங்கே வைப்பது? தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். இரண்டாவது கணினி வந்ததும் ‘வேகம் போதாது’ என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் குறை கணினியிலோ பொதியிலோ இல்லை, ரவுட்டர் இருக்கும் இடத்தில்தான்.

4ஜி ரவுட்டருக்கு இரண்டு பக்கமும் பேச்சு இருக்கிறது. ஒரு பக்கம் கோபுரத்தோடு, மறுபக்கம் உங்கள் கணினியோடு. வீட்டுக்கு நடுவில் வைத்தால் கணினிக்கு வசதி, கோபுரத்துக்கு வசதியில்லை. கோபுரத்தோடு பேசுவதுதான் கடினமான பக்கம், அதற்கு முன்னுரிமை கொடுங்கள். கணினிக்கு வயர் இழுக்கலாம், கோபுரத்துக்கு இழுக்க முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லப்டொப்பிலோ போனிலோ பிரவுசரில் ரவுட்டரின் உள்பக்கத்தை, அதாவது அதன் அமைப்புப் பக்கத்தை, திறவுங்கள். முகவரியும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல இருக்கும். உள்ளே ‘ஆர்எஸ்ஆர்பி’ என்று ஓர் எண் இருக்கும், கழித்தல் குறியோடு. கோபுரத்து அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை அது காட்டும். கழித்தல் 80, 90 என்றால் அருமை. கழித்தல் 100ஐத் தாண்டினால் மெலிவு. கழித்தல் 110க்கு அப்பால் போனால் பகலில் ஓடும், பின்னேரம் ஊரே போனை எடுக்கும் நேரத்தில் தவழும். நீட்டு வயர் ஒன்றில் ரவுட்டரைக் கொழுவிக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்: விறாந்தை, மேற்கு யன்னல், அறை அலுமாரி மேல். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் வைத்து எண்ணைப் பாருங்கள். இரண்டடி நகர்த்தினால்கூடப் பத்துப் புள்ளி மாறுவதுண்டு. திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். இரண்டு கோட்டுக்கும் மூன்று கோட்டுக்கும் நடுவில் நிறைய வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

தகரக் கூரையும் தகரச் சுவரும் உள்ள வீட்டில் அலை உள்ளே வருவதே பாடு. அங்கே யன்னலோரம் அல்லது வாசலோரம் தவிர வேறு வழியில்லை. சில ரவுட்டர்களின் பின்னால் வெளி அன்டெனா திருகும் துளை இருக்கும். இருந்தால் அன்டெனாவைக் கூரைக்கு மேலே ஏற்றி வயரை உள்ளே கொண்டுவரலாம், அது நல்ல முதலீடு. ஓட்டுக் கூரை வீடுகளில் இவ்வளவு சிரமம் இல்லை. தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, இரும்பு அலுமாரி, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றை ஒட்டி வைக்காதீர்கள். குசினியில் வைக்கவே வேண்டாம்.

வீட்டுக்குள் இரண்டு வகை வைஃபை தெரிந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், 5 கிகாஹெர்ட்ஸ் கிட்ட இருந்தால் வேகமாக ஓடும். ரவுட்டர் இருக்கும் அதே அறையில் 5, சுவருக்கு அப்பால் 2.4.

பின்வளவில் இருக்கும் அம்மம்மா வீட்டுக்கு வைஃபை எட்டவில்லை. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் பாவிக்கலாமா?

பாவிக்கலாம், நல்ல யோசனையும்கூட. ஆனால் அப்படியே செருகினால் இரண்டு ரவுட்டரும் முகவரி கொடுக்கப் போட்டி போடும். வீடு முழுக்க இணையம் வந்து வந்து போகும்.

பழைய ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியோடு வயரில் இணைத்து அதன் உள்பக்கத்துக்குப் போங்கள். ‘அக்சஸ் பொயின்ட்’ என்றொரு தெரிவு இருந்தால் அதைப் போட்டால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால், முதலில் அதன் சொந்த முகவரியை மாற்றுங்கள். முன்வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.250 கொடுக்கலாம். அடுத்து ‘டிஎச்சிபி’ என்பதை நிறுத்துங்கள், அதுதான் முகவரி கொடுக்கும் வேலை. பிறகு வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். கடைசியாக, முன்வீட்டில் இருந்து வரும் வயரை இதன் லேன் துளையில் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் ‘வேன்’ அல்லது ‘இன்டர்நெட்’ துளையில் செருக வேண்டாம். செருகுமிடம் பிழைத்துத்தான் பலர் மறுபடி வருகிறார்கள்.

வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த ரவுட்டர் என்றால், அந்த நாட்டு நிறுவனம் பூட்டி வைத்திருக்கலாம். உள்ளே போய் டிஎச்சிபியை நிறுத்த முடிந்தால் பாவியுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அதோடு மினக்கெடுவது வீண்.

இரண்டு கணினி போட்டால் வேகம் பாதியாகுமா?

இரண்டும் ஒரே நேரத்தில் பெரிதாக எதையாவது இறக்கினால்தான். ஒருவர் வாசித்துக்கொண்டிருக்க மற்றவர் வீடியோ பார்த்தால் யாருக்கும் தெரியாது. நீர் இறைக்கும் குழாயில் இரண்டு வாய்க்காலை ஒன்றாகத் திறந்தால்தான் ஓட்டம் பிரியும்.

கவனிக்க வேண்டியது ஏற்றும் பக்கம். சூமில் பிள்ளையின் முகமும் குரலும் நம் வீட்டில் இருந்து மேலே போக வேண்டும், 4ஜியில் அந்தப் பக்கம் எப்போதும் ஒடுக்கம். வகுப்பு நேரத்தில் மற்றக் கணினியோ போனோ படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் ஆசிரியரின் குரல் உடையத் தொடங்கும். இரண்டு பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால், கேட்கும்போது கமராவை மூடி வைக்கச் சொல்லுங்கள். கமரா இல்லாத சூமுக்கு மிகக் கொஞ்சம் போதும்.

முன்பு மாதம் முழுக்க நின்ற டேட்டா இப்போது பதினைந்தாம் திகதியே முடிகிறது. யாரோ திருடுகிறார்களா?

திருடனைத் தேடமுன் விண்டோஸைப் பாருங்கள். புதிதாக வந்த கணினி, அதுவும் பல மாதம் மூடிக்கிடந்தது, இணையத்தைக் கண்டதும் நிலுவையில் இருந்த புதுப்பிப்பு எல்லாவற்றையும் இறக்கத் தொடங்கும். சில ஜிபி ஒரே இரவில் போய்விடும். வைஃபையில் இணைந்ததும் முதல் வேலையாக, அந்த இணைப்பின் ‘ப்ரொபர்ட்டீஸ்’ உள்ளே போய் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ (அளவான டேட்டா உள்ள இணைப்பு) என்பதைப் போட்டுவிடுங்கள். பெரிய புதுப்பிப்புகள் காத்திருக்கும், மைக்ரோசொப்டின் மேகச் சேமிப்பான ‘வன்டிரைவ்’ தானாக ஏற்றுவதும் அடங்கும்.

அதற்காக ஒருபோதும் புதுப்பிக்காமல் விடவும் கூடாது. உங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பிறகான டேட்டா தனியாக இருந்தால், ஓர் இரவு அதைத் திறந்துவிட்டு ஒரு கணினியை முதலில் புதுப்பியுங்கள். ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ என்ற அமைப்பை உள்வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் என்று போட்டு வைத்தால், ஒரு கணினி இறக்கியதில் பெரும்பங்கை மற்றது அதனிடமே வாங்கிக்கொள்ளும். இரண்டிலும் மீட்டர்ட்டை நிறுத்தியிருந்தால்தான் இது நடக்கும்.

அடுத்தது வீடியோ. யூடியூப்பை 480 தரத்தில் பார்த்தால் மணிக்கு அரை ஜிபி அளவு. 1080இல் ஒன்றரை ஜிபியைத் தாண்டும். போனின் சின்னத் திரையில் தானாகக் குறைவாக ஓடும் அதே வீடியோ, கணினியின் பெரிய திரையில் தானாக உயர்தரத்துக்கு ஏறும். இரண்டாவது கணினி டேட்டாவைத் தின்பதற்கு முக்கிய காரணம் இதுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கணக்கு இடித்தால், ரவுட்டரின் உள்பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். வீட்டுப் போன்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுவது யார் என்று தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஏ.எல். படிக்குது. கடவுச்சொல்லைக் கேட்கினம். கொடுக்கலாமா?

ஊர் உறவை நான் தீர்மானிக்க முடியாது. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது வேலிக்கு இந்தப் பக்கம் கதிரை போட்டுப் படித்த பிள்ளைகளை எல்லோருக்கும் தெரியும். கொடுப்பதென்றால் புத்தியாகக் கொடுங்கள். ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ இருந்தால் அதைத் திறந்து தனிக் கடவுச்சொல் வையுங்கள். அதில் வருபவருக்கு இணையம் கிடைக்கும், உங்கள் கணினிகளின் கோப்புகள் தெரியாது. பரீட்சை முடிந்ததும் அதை மட்டும் மூடலாம், முகம் முறிக்கத் தேவையில்லை.

இணைப்பு உங்கள் அடையாள அட்டையில் பதிந்தது. அதில் யார் என்ன செய்தாலும் முதலில் கேட்கப்படுவது நீங்கள்தான். அதனால் கடையில் எழுதி ஒட்டி வைக்கும் அளவுக்குப் போக வேண்டாம். பாதுகாப்பு ‘டபிள்யூபிஏ2’ அல்லது 3 ஆக இருக்கட்டும், கடவுச்சொல் அடிக்காமலே இணைய விடும் ‘டபிள்யூபிஎஸ்’ பொத்தானை நிறுத்தி வையுங்கள். ரவுட்டருக்கு உள்ளே போகும் கடவுச்சொல் அடியில் ஒட்டியிருப்பதாகவே இருந்தால், அதையும் மாற்றுங்கள்.

சித்தப்பா கொண்டுவந்த லப்டொப் மட்டும் இணைய மாட்டேன் என்கிறது. கடவுச்சொல் சரியாகத்தான் அடிக்கிறோம்.

பிரான்சில் இருந்து வந்ததா? விசைப்பலகையைப் பாருங்கள். பிரெஞ்சு விசைப்பலகையில் வழக்கமான ‘ஏ’ இருக்கும் இடத்தில் ‘கியூ’ இருக்கும், ‘டபிள்யூ’ இடத்தில் ‘இசட்’. இலக்கம் அடிக்க ‘ஷிஃப்ட்’ பிடிக்க வேண்டும். ஜேர்மனி, சுவிஸ் லப்டொப்பில் ‘வை’யும் ‘இசட்’டும் இடம் மாறியிருக்கும். யாராவது விண்டோஸை அமெரிக்க அமைப்பில் புதிதாகப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் குழப்பம்: விசையில் எழுதியிருப்பது ஒன்று, திரையில் விழுவது வேறு. கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் கண் படம் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு என்ன விழுகிறது என்று பாருங்கள்.

கனடாவில் இருந்து வந்ததென்றால், வைஃபை பெயரே தெரியாமல் போகும் கதை ஒன்று உண்டு. வட அமெரிக்காவுக்கான சாதனங்கள் வழக்கமாக 2.4 கிகாஹெர்ட்ஸின் 12, 13ஆம் சனல்களைப் பார்ப்பதில்லை. நம் ரவுட்டர் தானாக 13க்குப் போயிருந்தால், எல்லோருடைய போனுக்கும் தெரியும் வைஃபை அந்த லப்டொப்புக்கு மட்டும் தெரியாது. ரவுட்டரில் சனலை ‘தானாக’ என்பதில் இருந்து 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். உடனே தெரியும்.

லப்டொப்பின் சார்ஜர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் மட்டும் மாற்றினால் போதும். மேசைக் கணினி அப்படியில்லை. கனடாவில் இருந்து வந்த பழைய பெட்டியின் பின்னால் சிவப்பு நிறத்தில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கலாம், 115 என்று காட்டும். அதை 230க்குத் தள்ளாமல் நம் கரண்டில் செருகினால் ஒரே ஒரு வெடிச் சத்தம்தான். செருகமுன் பாருங்கள்.

‘இணைந்தது, ஆனால் இணையம் இல்லை’ என்று வருகிறது.

மற்றக் கணினியிலோ போனிலோ ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். எதிலும் இல்லை என்றால் குறை இந்தக் கணினியில் இல்லை: டேட்டா முடிந்ததா, மாதக் கட்டணம் கட்டியதா, கோபுரத்துக்குக் கரண்ட் இருக்கிறதா?

இதில் மட்டும் இல்லை என்றால் அதன் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடம் இருந்து முகவரி கிடைக்கவில்லை, கணினி தானே ஒன்றைக் கற்பனை செய்துகொண்டது. வயர் தளர்ந்திருக்கலாம், அல்லது ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும். முகவரி 192.168 என்று சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், முன்பு யாராவது அந்தக் கணினியில் கையால் முகவரி எழுதி வைத்திருப்பார்கள். அலுவலகங்களில் இருந்து வந்த பழைய கணினிகளில் இது சாதாரணம். ‘தானாகப் பெறுக’ என்று மாற்றுங்கள். கணினியின் திகதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். பல வருடம் கிடந்த கணினியில் உள்ளே இருக்கும் சின்ன பற்றரி செத்திருக்கும், திகதி பழைய வருடத்துக்குப் போயிருக்கும். அப்படியானால் இணையம் இருந்தாலும் பக்கங்கள் திறக்க மறுக்கும்.

இடி மின்னலுக்கு என்ன செய்வது?

கழற்றுங்கள். வேறு மருந்து இல்லை. சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் கறுத்துக்கொண்டு வந்தால் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது. ஏடிஎஸ்எல் வீடென்றால் டெலிபோன் வயரையும் ரவுட்டரில் இருந்து கழற்றுங்கள், அது வழியாகத்தான் அதிகம் வருகிறது. பின்வீட்டுக்கு வெளியால் வயர் இழுத்திருந்தால் அதையும் இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும். ஒரு ரவுட்டர் எரிவதோடு நின்றால் பரவாயில்லை, வயர் வழியாக அது இரண்டு கணினியின் போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும்.

கரண்ட் போனால் வகுப்பும் போகிறது. லப்டொப்பில் பற்றரி இருக்கிறது, ரவுட்டரில் இல்லையே.

2022இல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் வெட்டிய காலத்தில் எல்லோரும் தேடிய சாமான்: ரவுட்டருக்கான சின்ன யூபிஎஸ். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அம்பியரையும் பார்த்து, அதே வோல்ட், அதே அல்லது கூடிய அம்பியர் உள்ளதாக வாங்குங்கள். உழவு இயந்திரப் பற்றரியை நேராகக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பற்றரி 14 வோல்ட்டைத் தாண்டும், ரவுட்டருக்கு அது ஆகாது.

இரண்டு கணினிக்கும் நடுவில் கோப்புகளை மாற்றினால் டேட்டா போகுமா?

ஒரு சதமும் போகாது. அது வீட்டுக்குள்ளேயே ரவுட்டர் வழியாக நடக்கும். டேட்டா முழுக்க முடிந்திருந்தாலும் நடக்கும். இரண்டு கணினியிலும் நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ என்று வைத்து, ஒரு கோப்புறையைப் பகிர்ந்தால் மற்றதில் தெரியும். அச்சுப்பொறியும் அப்படித்தான், அது செருகியிருக்கும் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கடந்த கால வினாத்தாள்களை ஒருவர் ஒருமுறை இறக்கினால் போதும்.

கிடைத்திருப்பது விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி. இணையத்தில் விடலாமா?

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14உடன் இலவச வழக்கமான ஆதரவு முடிந்தது. பாடம் படிக்க, கடிதம் அடிக்க, வீடியோ பார்க்க மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக ‘லினக்ஸ் மின்ட்’ அல்லது ‘லுபுண்டு’ என்ற இயங்குதளத்தைப் போட்டுவிடுங்கள். இரண்டும் இலவசம், தமிழ் எழுத்தும் வரும். 4 ஜிபி ராம் இருந்தால் லுபுண்டு வசதியாக ஓடும். வன்தட்டை எடுத்துவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டால் அதே பழைய பெட்டி ஆளே மாறிவிடும். வங்கிக் கணக்கு வேலையை மட்டும் விண்டோஸ் 7இல் செய்ய வேண்டாம், அதைப் போனில் செய்யுங்கள்.